எதிர்மலைக்குக் கேட்ட ஆங்கிலம்

சனிக்கிழமைக் காலைகளில், லண்டன் புறநகர்த் தெருவொன்றில் நிறுத்திய என் காருக்குள் உட்கார்ந்து, கீழுதட்டில் மேற்பற்களை வைத்து 'வ்வ்வ்' என்று அதிரவிடுவேன். ஸ்டியரிங்கில் சாய்த்த கைபேசியில், இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆறு பிள்ளைகள் அதையே செய்வார்கள். அங்கே அப்போது மதியம் கடந்திருக்கும். நாயோடு நடந்துவரும் டேவிட் என்ற முதியவர் ஒருநாள் கண்ணாடியைத் தட்டி, பல்வலியா என்று கேட்டார். இல்லை, ஆங்கிலப் பாடம் நடக்கிறது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனவர், அடுத்த வாரம் ஒரு பல் வைத்தியரின் விலாச அட்டையோடு வந்தார்.

காரில் பாடம் நடத்தக் காரணம் உண்டு. எங்கள் ஃபிளாட்டின் சுவர் மெல்லியது. அடுத்த பக்கத்தில் இரவு வேலை முடித்த ஒரு தாதி தூங்குகிறார். இது எனக்குப் புதிதல்ல. அந்தத் தோட்டத்து லயத்தில்தான் நானும் வளர்ந்தேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை; நடுச்சுவர் கூரையைத் தொடாது. வீட்டுப் பேச்சு வீட்டோடு நிற்க வேண்டுமென்றால் வாயை அதிகம் திறக்கக்கூடாது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பிள்ளைகள் தாமாகவே பழகிக்கொள்கிறார்கள்.

ஆறு பேரில் தர்ஷினிக்குப் பதினொரு வயது. அவள் வீட்டுக் காம்பராவில்தான் வகுப்பு. போன வருடம் பதுளையில் நடந்த ஆங்கிலப் பேச்சுப் போட்டியில், உயரமான மைக்கின் கீழே நின்று அவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. நடுவர் இரண்டு தரம் "லவுடர்" என்றார். பிறகு உட்காரச் சொல்லிவிட்டார். "இந்த வருசமும் கேக்கலன்னா நான் இனிமே இங்கிலீஸ் பேசமாட்டேன் மிஸ்," என்றாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை என்பதால் எனக்குப் பயமாக இருந்தது.

மாதக்கணக்கில் உதட்டையும் நாக்கையும் திருத்தினேன். ஒலிகள் சரியாயின, ஆனால் வெளியே வரவில்லை. சத்தமாகச் சொல் என்றால், "பக்கத்துக் காம்பராவுல தாத்தா தூங்குறாரு மிஸ்," என்பாள்.

ஒரு சனிக்கிழமை பாடத்தின் நடுவே எதிர்மலையிலிருந்து ஒரு குரல் வந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவள் அம்மா செல்வி.

"தர்ஷினீ... மாட்டுக்குத் தண்ணி காட்டினியாடீ..."

பிள்ளை வாசலுக்கு ஓடினாள். "காட்டிட்டேம்மா..." என்று அவள் நீட்டிய குரல் பள்ளத்தைத் தாண்டிப் போனது. அப்போதுதான் முதன்முதலாக அவளுடைய பல்வரிசை முழுவதையும் பார்த்தேன். மலையில் கூப்பிடுகிறவர்கள் வெறுமனே கத்துவதில்லை. வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, காற்றில் ஏற்றி அனுப்புவார்கள். இந்த நாட்டில் பல வருடங்களாகப் பேருந்திலும் கடையிலும் என்னிடம் "பார்டன்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். என் உச்சரிப்பில் கோளாறு என்றே நினைத்திருந்தேன். கோளாறு உச்சரிப்பில் இல்லை; நான் இன்னும் காம்பராவுக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் வாசலுக்குப் போங்க. அம்மா எதிர்மலையில நிக்கிறாங்கன்னு நெனச்சுச் சொல்லுங்க."

"ஏன் மிஸ், வெள்ளக்காரங்களுக்குக் காது மந்தமா?" என்றாள் ஷாலினி. ஆறு பேரில் வாய் அதிகம் அவளுக்குத்தான்.

அன்றிலிருந்து வகுப்பு வாசலுக்கு மாறியது. 'வில்லேஜ்', 'வாய்ஸ்', 'ரிவர்' எல்லாம் தேயிலைக்கு மேலால் பறந்தன. செல்வி மலையிலிருந்து, "இன்னொருக்கா சொல்லு, காத்துல போயிருச்சு" என்று திருப்பிக் கேட்பார். பக்கத்துக் காம்பராத் தாத்தா தூக்கத்தை விட்டுவிட்டு, வாசலில் வாங்குப் பலகையைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

இந்த வருடப் போட்டி முடிந்ததும் பதுளையிலிருந்தே செல்வி அழைத்தார். மைக் இந்த முறையும் உயரமாகத்தான் இருந்ததாம். தர்ஷினி அதைவிட்டு விலகி, மேடை விளிம்புக்கு வந்து நின்றிருக்கிறாள்.

"நான் கடைசி வாங்குக்குப் பின்னால, கதவுகிட்ட நின்னேங்க மிஸ். எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா ஒரு சொல்லு விடாம எல்லாம் கேட்டுச்சு. மொதலாவதா வந்துட்டா. மாகாணப் போட்டிக்கு எடுத்துட்டாங்க."

அடுத்த சனிக்கிழமை ஆறு பேரும் சேர்ந்து போட்ட சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். டேவிட் நின்றார். கண்ணாடியை இறக்கி, என் மாணவி வென்றுவிட்டாள் என்றேன். எங்கே என்றார். "பதுளை." அவர் "படுலே" என்றார். திருத்தினேன். நாயின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, நாக்கை மடித்து மறுபடி முயன்றார். "படுலே."

"அவருக்கு நாக்கு வளையல மிஸ். வாசலுக்கு வந்து நிக்கச் சொல்லுங்க," என்றாள் தர்ஷினி.

எனக்கு இங்கே வாசல் இல்லை. கார்க் கதவைத் திறந்து ஒரு காலை லண்டன் தெருவில் ஊன்றினேன். மற்றக் கால் உள்ளே, பிள்ளைகளின் பக்கம் இருந்தது. அப்படியே நின்று, தெருக்கோடிவரை கேட்கும்படி வாயைத் திறந்து சொன்னேன்: "பதுளை."

எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. கைபேசிக்குள் ஆறு பேரும் திருப்பிச் சொன்னார்கள்.