கடைசி ராசாவில் தொடங்கிய சுற்று

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கிங்ஸ்டன் பைத்தியம் பிடித்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விம்பிள்டன் கோயிலுக்குப் போய்வர வசதி என்று நாங்கள் குடிவந்த ஊர் அது. தென்மேற்கு லண்டனில், தேம்ஸ் கரையோரம் இருக்கும் சின்னப் பட்டணம். வந்து பார்த்தால் சரே மாவட்டத்தின் கவுன்சில் தலைமையகம் அப்போது அங்கேதான் இருந்தது. ஆனால் ஊர் சரேயில் இல்லை, அதை எப்போதோ லண்டனோடு சேர்த்துவிட்டார்கள். தலைநகரைத் தன் எல்லைக்கு வெளியே வைத்து ஆட்சி நடத்தும் மாவட்டத்தை நான் அதற்கு முதல் கேள்விப்பட்டதே இல்லை. அன்று தொடங்கி அந்த ஊரின் கதையைத் துருவத் துருவ எனக்கு ஆசை அடங்கவில்லை.

ஆயிரம் வருடங்களுக்கு முன் ஏழு அரசர்கள் அங்கே முடிசூடியதாக ஊர் சொல்கிறது. அவர்கள் உட்கார்ந்ததாகச் சொல்லும் கல், நகர மண்டபத்துக்கு வெளியே இரும்பு வேலிக்குள் இருக்கிறது. ஏழு பக்கப் பீடம், பக்கத்துக்கு ஓர் அரசரின் பெயர். ஒரு காலத்தில் அந்தக் கல்லில் மிதித்துத்தான் குதிரை ஏறினார்களாம். வாசித்தபோது எனக்குக் கெட்ட கோபம் வந்தது. எங்கள் ஊர் நல்லூர் அரசனின் கல்லில் ஒருவன் கால் வைத்திருந்தால் நாங்கள் சும்மா விடுவோமா?

"வெள்ளைக்காரருக்கே தெரியாத ராசாக்கள் உமக்கு என்னத்துக்கு?" என்று கணவர் கேட்டார்.

என்னத்துக்கு என்றால், ஊர் வரலாற்றுக் கழகம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பட்டணத்தைச் சுற்றிக்காட்ட ஓர் ஆள் தேடியது. சம்பளம் கிடையாது. போகிற இடமெல்லாம் 'நீங்கள் எந்த நாடு?' என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு அவர்களுடைய ஊர்க் கதையை நான் சொல்ல வேண்டும். எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான். ஒரு சோதனைச் சுற்று வைப்பார்கள். கழகத் தலைவியான ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை கூடவே நடந்து வந்து, சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்லுவார்.

ஷிப்ட் முடிந்து வந்த கணவரைக் குசினி நடுவில் ஒரு கதிரையில் கல்லாக இருத்தி, அவரைச் சுற்றிச் சுற்றி நடந்து அரசர்களை முதல்வரிலிருந்து கடைசிவரை பாடமாக்கினேன். "கல்லுக்கு ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?" என்று கல் இடைக்கிடை கேட்டது.

சோதனைச் சுற்று நடந்த ஞாயிற்றுக்கிழமை கணவரும் கூட்டத்தோடு வந்தார். சந்தைச் சதுக்கத்தில் என் வாய் ஓயவில்லை. பழைய பாலத்தடியில் இரண்டு பேர் கைதட்டினார்கள். கால் நிலத்தில் படாமல்தான் கல்லடிக்கு வந்தேன். முதல் அரசரைச் சொல்லி முடித்து, கூட்டத்தோடு அடுத்த பக்கத்துக்கு நகர்ந்து பீடத்தைக் காட்டினேன். அங்கே இருந்தது கடைசி அரசரின் பெயர்.

கோயிலில் பழகிய கால் வலம் வந்துவிட்டது. இடமிருந்து வலமாகப் பெயர்களை வெட்டியவர்கள், வாசிப்பவரும் அந்தப் பக்கமாகவே நகருவார் என்று நினைத்திருப்பார்கள். அப்படி நகர்ந்தால் கல் இடது கைப்பக்கம் வரும். நாங்கள் அரச மரத்தைக்கூட அப்படிச் சுற்ற மாட்டோம். குசினியில் கணவரின் மேல் பெயர் வெட்டியிருக்கவில்லை, அதனால் பிழை தெரியவில்லை.

தலைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி நடக்க என் கால் மறுத்தது. சரி, நடப்பது நடக்கட்டும் என்று கடைசி அரசரையே பிடித்துக்கொண்டேன்.

"இவரைப் படையெடுத்து வந்தவர்கள் துரத்திவிட்டார்கள். கடல் கடந்து ஓடி, மனைவியின் தமையனிடம் போய் ஒதுங்கினார்" என்றேன். பாடமாக்காதது ஒன்றும் கூடவே வந்து விழுந்தது. "நாங்களும் சண்டைக்குப் பயந்து ஓடி வந்து, இங்கே ஈஸ்ட் ஹாமில் என் தமையன் வீட்டு முன்னறையில்தான் படுத்தோம்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் இன்னும் கிட்ட வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு யார் என்னைப் பிடிப்பது? தோற்றவரில் தொடங்கி, அந்த முடி அவருக்கு யாரிடமிருந்து வந்தது, அவருக்கு முன் யார் என்று பின்னோக்கிப் பின்னோக்கி முதல் அரசரிடம் போய்ச் சேர்ந்தேன்.

"ஒரு கேள்வி. ஓடிப்போன அந்த அரசர் திரும்பி வந்தாரா?" என்றார் தலைவி.

"வந்தார்" என்றேன், அவர் வாயை மூடுவதற்குள். "எதிரி செத்ததும் நாட்டார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். உடனே வந்தார்."

நான் சொன்ன வேகத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள், தலைவியும்தான். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள். சுற்றும் பக்கத்தை மாற்ற வேண்டாம்" என்றார்.

துள்ளிக் குதிக்காத குறையாகக் கணவரிடம் ஓடினேன். அவர் வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கண் சிவந்திருந்தது.

"ராசாவுக்கு ஆள் அனுப்பிச்சினம்" என்றார். "எங்களைக் கூப்பிட ஆர் அனுப்புவினம்?"

என் சந்தோசம் இன்னும் அடங்கவில்லை. அந்தச் சந்தோசத்தோடேயே வேலிக் கம்பியிலிருந்து அவருடைய கையை எடுத்துப் பிடித்தேன்.