ஆறு சோழிகளும் ஒரு தாலாட்டும்

மகள் போன பிறகு என் மனைவிக்கு எந்தப் பாட்டும் ஆகாமல் போனது. பிள்ளைக்கு மூன்று வயது. கடுங்காய்ச்சல். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு லொறியில் கொண்டுபோனபோது மடியில் போட்டு வழி முழுக்கத் தாலாட்டிக்கொண்டே வந்தாள். பாதி வழியிலேயே மூச்சு அடங்கிவிட்டது. அவள் பாடுவதை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு நான் ஆர்மோனியத்தைத் தொட்டாலே காதைப் பொத்திக்கொள்வாள். கோயில் கீர்த்தனையும் அப்படித்தான், கலியாணப் பாட்டும் அப்படித்தான்.

எனக்குப் பிடிவாதம் அதிகம். பிள்ளையின் காதில் விழாத பாட்டு ஒன்றாவது இருக்காதா? சொந்தமாக மெட்டுக் கட்டிப் பார்த்தேன். விரல் பழைய இடத்துக்கே போய் நின்றது. மெட்டு தானாக விழட்டும் என்று, எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவளிடம் ஆறு சோழி கேட்டு வாங்கினேன். எதுவும் மல்லாக்க விழாவிட்டால் ச, ஒன்று மல்லாந்தால் ரி, இப்படியே போய் ஆறும் மல்லாந்தால் நி. விழுந்ததை விழுந்தபடி வாசித்தேன். மூன்று மல்லாந்து விழுவதே அதிகம் என்பதால் மத்திமம் சனியன் மாதிரி திரும்பத் திரும்ப வந்தது. கேட்கச் சகிக்காது. ஆனால் அவள் காதைப் பொத்தவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காரத் தொடங்கினாள். சோறும் கொஞ்சம் தின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் ப, ம, க, ம என்று வரிசையாக விழுந்தது. வாசித்த பிறகுதான் உறைத்தது, அது அந்தத் தாலாட்டின் தொடக்கம். சட்டென்று கையை எடுத்தேன்.

"நிறுத்தாதீங்க. அவதான் வர்றா. போடுங்க," என்றாள்.

"மிச்சம் எனக்குத் தெரியும். வாசிக்கவா?"

"நீங்க வாசிக்க வேணாம். அதுவா வரட்டும்."

அடுத்தது நி. ஆறும் மல்லாக்க விழ வேண்டும். லேசில் விழுகிற காரியமா அது? அவள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். போட்டேன். ஐந்து மல்லாந்தன. ஆறாவது என் முழங்காலருகே கவிழ்ந்து கிடந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. சுண்டுவிரலால் அதைப் புரட்டிவிட்டு நி வாசித்தேன்.

நிமிர்ந்தபோது அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலன்னா வரலன்னு சொல்லியிருக்கலாமேங்க," என்றாள்.

சோழிகளைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் காம்பராவில் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு எல்லோரோடும் போனாள். இப்போது நான் எதை வாசித்தாலும் அவள் காதைப் பொத்துவதில்லை. கேட்பதும் இல்லை.