தீவுக்குக் கொண்டுபோன அம்மி

தீவு, உல்லாசம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். மீன் குடல் நாற்றம் அப்படியே மூக்கில் ஏறிவிடும்.

அறுபதுகளில் ஒரு சித்திரை விடுமுறை. மாத்தளையில் என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் மிளகுக் கடை வைத்திருந்தார்கள். கூட்டாளிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, திருகோணமலைப் பக்கம் ஆளில்லாத ஒரு குட்டித் தீவில் பகல் முழுக்க ஜாலியாக இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். பெண்கள் என்று நானும் என் ஓரகத்தியும்தான். மலைப்பக்கம் யட்டவத்தையில் பிறந்த நான் அதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும், மேலே அலை அடிக்க வேண்டும். அந்த ஆசையில்தான் லொறியில் ஏறினேன்.

கூடவே அம்மியும் ஏறியது. கடையில் வாங்கிய தூளில் வைத்த குழம்பு இவர்கள் தொண்டையில் இறங்காதாம். பெரிய மிளகு வியாபாரிகள்! அந்தக் கல்லைப் பார்த்ததும் படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

தீவில் இறங்கியதும் ஆண்கள் சாரத்தை உருவி எறிந்துவிட்டு, கோவணத்தோடு கடலில் பாய்ந்தார்கள். எங்களுக்கு ஒரு கூடை மீன். புறா எச்சம் காய்ந்து கிடந்த பாறையில் உட்கார்ந்து செதில் சுரண்டினோம். கை, முகம், உதடு எங்கும் ஈ. பத்தடி தள்ளிக் கடல். சாராயம் தலைக்கேறிய ஒரு கூட்டாளி அடுப்புக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தார். மண் போட்டு மூடியது நான்தான். மற்றவர்கள் உப்பு பிசுபிசுக்கிறது என்று, கொண்டுவந்த குடிதண்ணீரை எல்லாம் தலையில் ஊற்றிக்கொண்டார்கள்.

"சோறு ஆச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

"இருந்த தண்ணியெல்லாம் ஊத்திக் குளிச்சிட்டீங்க. எதுலங்க பொங்குறது?"

"படகுக்காரன் போய்க் கொண்டாருவான். நீ அதுக்குள்ள மசாலாவ அரச்சு வையி."

படகுக்காரர் தண்ணீருக்குக் கிளம்பிப் போனார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. குழவியைத் தள்ளிவிட்டு, "வாங்கக்கா" என்று ஓரகத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடலுக்குள் நடந்தேன். முதல் அலை இடுப்பில் மோதியது. எப்போதும் வாயே திறக்காத அவள் வீறிட்டுச் சிரித்தாள்.

வீட்டுக்காரர் கரைக்கு ஓடி வந்தார்.

"மேல வா! நனஞ்ச சீலையோட நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

அவருக்குப் பின்னால், வாந்தி எடுத்தவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"இங்க யாருங்க இருக்கா, உங்க நாலு பேரத் தவிர? உங்களப் பாத்து எனக்கு இனிமே வெக்கம் வராதுங்க. அருவருப்புத்தான் வருது."