பெரிய எழுத்து

தீவுகளெங்கும் உள்ள எங்கள் கிளைகளின் கம்ப்யூட்டர்களை அபர்டீன் பஜார் தலைமை அலுவலகத்தில் இருந்தபடியே நிர்வகிப்பது என் வேலை. ஒரு நாள், எல்லாத் திரைகளும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஒரே கட்டளையில் மாற்றிவிட்டேன்.

மறுநாள் திக்லிபூர் கிளையில் சரக்குப் பதிவு செய்யும் ராஜேஸ்வரி அக்கா போன் செய்தார்.

"சார், எழுத்தெல்லாம் பொடிசாப் போச்சு. பழையபடி பெருசாக்கித் தாங்களேன்."

"எல்லாருக்கும் ஒரே செட்டிங்தான்க்கா. ஒருத்தருக்கு மட்டும் மாத்த முடியாது."

"அச்சா சார்" என்று வைத்துவிட்டார்.

நான் சொன்னது பொய். அவர் கம்ப்யூட்டரை மட்டும் அந்தக் கட்டளையிலிருந்து விலக்கிவைக்க இரண்டு நிமிடம் போதும். சோம்பல்பட்டேன்.

அதன்பின் அவர் பதிவுகளில் தவறுகள் வந்தன. விசாரித்தபோதுதான் அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கடைசிக் கையெழுத்துப் போட வந்தவர் என் மேஜையருகே நின்றார். "உங்ககிட்டயாச்சும் கண்ணு விஷயத்தைச் சொல்லியிருக்கணும் சார். வேலை போயிடும்னு பயந்துட்டேன். தப்பு என் மேலதான்."

பக்கத்தில் மேலாளர் இருந்தார். நான் வெறுமனே தலையாட்டினேன்.

இப்போது யார் கேட்டாலும் காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுக்கிறேன். அதனால் அந்த அக்காவுக்கு ஒரு பயனும் இல்லை.