கம்பெனி போட்ட பள்ளம்

என் அண்ணன் தவசி எந்த வண்டியில் ஏறினாலும் உட்காருவதற்கு முன் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்ப்பார். டவுன் பஸ்ஸாக இருந்தாலும் விட மாட்டார். தட்டிவிட்டு நேரே டிரைவரின் முகத்தைப் பார்ப்பார். பல வருஷமாக இதைக் கவனித்து வருகிறேன். வண்டி வைத்திருக்கிற எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள், அது கால்விரிப்புக்கு அடியில்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

நாங்கள் பேரையூர்ப் பக்கம். அப்பா இறந்ததும் என் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. அண்ணன் மதுரையில் ஒரு மேஸ்திரியிடம் வண்டித் தகட்டில் விழுந்த ஒடுக்கை எடுக்கிற டிங்கரிங் வேலை பழகி, எழுபத்தொன்பதில் பசுமலை போகிற ரோட்டோரம் சொந்தமாக ஷெட் போட்டார். ஆள் வைத்தால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று என்னையே வேலைக்குக் கூட்டிக்கொண்டார். எனக்கும் அது ஒத்துவந்தது. வண்டிக்கு அடியில் கிடக்கிற பெண்ணிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

ஷெட்டுக்கு வந்த முதல் பெரிய வேலை சுப்பராமன் சாரின் மோரிஸ் கார். அரசாங்க ஆபீசில் இருந்தவர். அவர் அப்பா காலத்து வண்டி அது. தரைத் தகடு அடியிலிருந்து முட்டி மேலே எழும்பி, டிரைவர் சீட்டே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவர் தெருவில் பல வீடுகளில் கார் இருந்தது. வேலை அவருக்குப் பிடித்தால் அந்த வண்டிகளும் வரும். பிடிக்காவிட்டால் ஷெட்டை மூடிவிட்டு அண்ணன் பழையபடி மேஸ்திரியிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

"கல்லுல ஏறிடுத்துப்பா" என்றார் சுப்பராமன் சார்.

அண்ணன் தலையாட்டினார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் குனிந்து என்னிடம் கிசுகிசுத்தார்.

"ஏத்தா, கல்லுல ஏறிருச்சாம். ஏறுனது கல்லுதானான்னு பாரு. அடியில பூசியிருக்கிற தாரைச் சுரண்டையில முடி கிடி ஒட்டியிருக்கான்னு பாத்துக்க. நாளைக்குப் போலீசு வந்து நம்மளக் கேக்கக் கூடாது."

பார்த்தேன். செம்மண்தான் ஒட்டியிருந்தது.

சுப்பராமன் சாரின் சந்தேகம் வேறு மாதிரி. லீவு போட்டுவிட்டு ஷெட்டிலேயே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கழற்றிய திருகாணிகளைத் தன் டிபன் டப்பாவில் வாங்கி வைத்துக்கொண்டார். கால்விரிப்பைத் தூக்கியதும் சாக்பீஸ் எடுத்து, தகட்டில் தெரிந்த ஒடுக்கு ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டார், நாங்கள் ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது என்று.

நான் அடியில் படுத்து இரும்புக் கட்டையைத் தகட்டோடு அணைத்துப் பிடிக்க, அண்ணன் மேலிருந்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி இறக்கினார். தகடு இழுபட்டு உப்பிய இடங்களில் கேஸ் நெருப்பைச் சிவக்கக் காட்டுவார். நான் உடனே ஈரச் சாக்கை வைத்து அமுக்க வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும், தகடு சுருங்கிப் படியும். இப்படியே வட்டம் வட்டமாக வேலை முடிந்தது. பின்சீட்டில் கால் வைக்கிற இடத்தில், வலதும் இடதுமாக, சின்னத் தட்டு அளவில் இரண்டு பள்ளங்கள் மட்டும் சாக்பீஸ் வட்டத்தோடு அப்படியே இருந்தன.

"இது ரெண்டையும் ஏன் விட்டே?"

"அது ஒடுக்கு இல்ல சார். கம்பெனியே போட்ட பள்ளம்."

"கம்பெனிக்காரன் பள்ளம் போட்டு வண்டி விப்பானோ?"

"தகடு ஆடாம நிக்கிறதுக்குப் போட்டிருக்கான் சார்."

"உனக்கு எப்படித் தெரியும்? சீமைக்குப் போய்ப் பாத்தியா?"

"தெரியும் சார்" என்றார் அண்ணன். எப்படித் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்கே அது ஒரு மாதிரியாகப் பட்டது.

பசுமலையில் சிவசங்கரன் சார் என்ற ரிட்டயர்டு வாத்தியாரிடம் இதே மாதிரி வண்டி இருந்தது. அதைப் போய்ப் பார்த்துவிடலாம் என்றார் சுப்பராமன் சார். அண்ணன் வெயில் என்றார், வேலை கிடக்கிறது என்றார். அண்ணன் நழுவ நழுவ அவர் பிடிவாதம் கூடியது. டார்ச் பிடிக்க நானும் போனேன்.

அந்த வீட்டில் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. சுப்பராமன் சார் பொறுக்க மாட்டாமல் வாசலில் நின்ற காரின் கதவைத் திறந்துவிட்டார். அவரும் அண்ணனும் பின்சீட்டுப் பக்கம் தலையை விட்டு விரிப்பைத் தூக்கும்போது பின்னாலிருந்து சிவசங்கரன் சாரின் சத்தம் வந்தது.

"யாருடா அது வண்டிக்குள்ள?"

"நான் கவர்ன்மெண்ட் ஆபீசர் சார்!"

"ஆபீசருக்கு என் கார்ல தலைய விட்டுண்டு என்ன வேலை?"

விஷயத்தைச் சொல்லிச் சமாதானம் செய்வதற்குள் சுப்பராமன் சாருக்கு வியர்த்துவிட்டது. பிறகு மூவருமாக எட்டிப் பார்த்தார்கள். இடது பக்கம் பள்ளம் இருந்தது. வலது பக்கம் சமமாக இருந்தது.

"பாத்தேளா!" என்றார் சுப்பராமன் சார். "ஒரு பக்கம் சமமா இருக்கே. அப்போ அந்தப் பக்கம் இருக்கறது ஒடுக்குதானே?"

"அந்தச் சமமான இடந்தான் சார் என் பிராணனை வாங்கறது" என்றார் சிவசங்கரன் சார். "கால் வச்சா டொக்கு டொக்குங்கறது. அடியில எதுவோ விட்டுப்போச்சுன்னு பயந்து வெளியூருக்கே எடுக்கறதில்லை."

அண்ணனின் விரல் அந்தச் சமமான இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பழைய சுத்தியல் தடங்கள் தெரிந்தன. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் இருந்தால் சுப்பராமன் சார் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். பேசினாலும் மானம் போகும்.

"அதை அடிச்சது நாந்தான் சார்" என்றார். "மேஸ்திரிகிட்ட இருக்கையில. ஒடுக்குன்னு நெனச்சு அடிச்சுச் சமமாக்கிப்புட்டேன், அதான் தகடு ஆடிச் சத்தம் போடுது. அடிச்ச பெறகுதான் அந்தப் பக்கமும் அதே அளவுல ஒன்னு இருக்கிறதைப் பாத்தேன். மேஸ்திரி ஒன்னும் சொல்லாம விரிப்பைப் போட்டு மூடிட்டாரு."

"நன்னா இருக்கு!" என்று சிரித்தார் சுப்பராமன் சார். "வேலையை மிச்சம் பண்றதுக்கு என்ன கதை கட்டறான் பாருங்கோ! தான் கெடுத்ததை எவனாவது தானே சொல்வானா?"

சிவசங்கரன் சார் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பின முகமாகத் தெரியவில்லை. "நீதான் கெடுத்தேன்னா நீயே மறுபடி பள்ளம் போட்டுக் குடு. சத்தம் நின்னா நம்பறேன்."

மறுநாள் அந்த வண்டி ஷெட்டுக்கு வந்தது. இடது பள்ளத்தின் அளவுக்கு அண்ணன் ஒரு மரக்கட்டையைச் செதுக்கினார். தகட்டைச் சூடாக்கி, கட்டையை வைத்து அடித்து இறக்கினார், நான் சாக்கால் அமுக்கினேன். சிவசங்கரன் சார் பின்சீட்டில் உட்கார்ந்து காலை ஊன்றினார். சத்தம் இல்லை. நாங்கள் அடியில் எதையாவது முட்டுக் கொடுத்து ஏமாற்றுகிறோமோ என்பது போல, எங்கள் இருவரையும் வண்டியை விட்டு விலகி நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி ஊன்றினார்.

"நின்னுடுத்து" என்றார்.

தன் வண்டியை எடுக்க வந்திருந்த சுப்பராமன் சார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். "பள்ளம் போடவும் கத்து வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். பிறகு வேறு ஒரு ஷெட்டில் கொடுத்து அந்த இரண்டு பள்ளங்களையும் சமமாக அடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம்.

இது எண்பத்தேழு. ஷெட் அதே இடத்தில் நடக்கிறது. சிவசங்கரன் சார் சொல்லிப் பசுமலையிலிருந்து வண்டிகள் வருகின்றன. சுப்பராமன் சார் தெருவிலிருந்து இதுவரை ஒரு வண்டியும் வரவில்லை.