சணல் போட்டுக் கட்டிய பொட்டலம்

பெருமைக்குச் சொல்லவில்லை... பொட்டலம் கட்டுவதில் நான் கில்லாடி.

ஏகாதசிக்கு முந்தின நாள் காபிப்பொடி பாட்டில் கைதவறி உடைந்தது. "அப்படியே போட்டுடாதீங்க, யார் கையையாவது கிழிச்சிடும்" என்றாள் மனைவி. நான் அப்படிப் போடுவேனா? சில்லுகளைப் பழைய பேப்பரில் வைத்து, நாலு சுற்று சுற்றி, சணல் போட்டு இறுக்கிக் கட்டினேன். குப்பைக் கவருக்குள் வைத்துத் தெருமுனையில் போட்டுவிட்டு வந்தேன். எனக்கு நானே ஒரு சபாஷ் வேறு.

எங்கள் ஸ்ரீரங்கம் தெருவுக்கு மாநகராட்சி வண்டி வருவதற்கு முன்பே செல்வி வந்துவிடுவார். தோளில் சாக்கு. பாட்டில், பேப்பர், அட்டை பொறுக்கி, பழைய பேப்பர் கடையில் போடுவதுதான் பிழைப்பு. ஒவ்வொரு கவரையும் அவிழ்க்க நேரமிருக்காது. வெளியிலிருந்தே அமுக்கிப் பார்ப்பார். இது பால் கவர், இது பாட்டில், இது வெறும் சோறு... எல்லாம் விரலுக்குத் தெரியும். வேண்டிய கவரை மட்டும் கிழித்துக் கையை விடுவார்.

மூன்று வாரமாக ஆளைக் காணோம். போன செவ்வாய்க்கிழமை வந்தார் — வலது உள்ளங்கையில் கட்டு. இடது கையால் கவர்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"கண்ணாடி கிழிச்சிடுச்சுங்க சார். ஏகாதசியன்னிக்குக் காலைல, இந்த முக்குலதான். சணல் போட்டு அழகா கட்டியிருந்துச்சு. பேப்பர் கட்டுன்னு நெனச்சு இறுக்கிப் பிடிச்சு இழுத்துட்டேன். யார் வீட்டுதுன்னு தெரியலைங்க."

உள்ளே ஓடி, செடி வேலைக்கு வைத்திருந்த கிளவுஸை எடுத்து வந்து நீட்டினேன்.

"வேணாங்க. இதைப் போட்டா எது பேப்பர், எது பாட்டில்னு கைக்குத் தெரியாது" என்றார். பிறகு கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரல்களைப் பார்த்தார். "இந்த ரெண்டுக்கும் இப்பவே ஒண்ணும் தெரியலைங்க. நரம்பு அறுந்துடுச்சுன்னு பெரியாஸ்பத்திரில சொன்னாங்க. இனிமே எப்படி வேலை பார்க்கப்போறேனோ."

சில்லுகளைச் சும்மா கவரில் போட்டிருந்தால்கூட அந்த விரல்கள் கண்டுபிடித்திருக்கும். அவற்றுக்குத் தெரியாதபடி மறைத்தது என் கெட்டிக்காரத்தனம்தான். வெட்கமாக இருக்கிறது. தினமும் பார்க்கிறவர். கையில் கொடுத்து, "கண்ணாடிம்மா, பார்த்து" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால், குப்பை போடுகிறவர் பொறுக்குகிறவரிடம் பேசும் வழக்கம் நமக்கு ஏது?

அது என் வீட்டுப் பொட்டலம் என்று சொல்ல அன்றைக்கும் வாய் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன்... செல்வி பேப்பரைப் பொறுக்குவாரே தவிர, படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்.