டிரம்மின் அடியில் ஒரு பிடி

கல்லிடைக்குறிச்சியில் நானும் என் மதினியும் சேர்ந்து நடத்துகிற அப்பளக் கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. மதினி என் அண்ணனின் மனைவி. மாவு பிசைவதும் இடிப்பதும் அவள் பொறுப்பு, விற்பனையும் கணக்கும் என் பொறுப்பு. "கல்யாணத்தன்னைக்குக் கூட நீ இப்பிடிப் பறக்கலையேட்டி" என்று கேலி செய்தாள். உண்மைதான். கல்யாணத்தில் எனக்கு என்ன வேலை? சும்மா உட்கார்ந்துதானே இருந்தேன்.

பறந்ததற்குக் காரணம் இருந்தது. ஐப்பசி பிறந்தால் மழைதான். வெயில் இல்லாவிட்டால் அப்பளம் காயாது. தேய்க்க வருகிற பெண்களிடம் "நாளைக்கு வரண்டாம், மழை விட்டதும் சொல்லி அனுப்புதேன்" என்று நான்தான் சொல்ல வேண்டும். அவர்கள் தலையாட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போவார்கள். திட்டிவிட்டுப் போனால்கூடத் தேவலை. காயவைக்கிற எந்திரம் ஒன்று வாங்கிவிட்டால் மழையிலும் வேலை நடக்கும். ஆனால் அதை வாங்கிக் கட்டுப்படியாக, வருஷம் முழுக்கச் சரக்கு எடுக்கிற ஓர் ஆள் வேண்டும்.

அப்படி ஒருவர் கிடைத்தார். திருநெல்வேலி டவுனில் மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி, வளைகுடா நாடுகளுக்கும் சரக்கு அனுப்புகிறவர். எங்கள் அப்பளத்தைப் பொரித்துத் தின்று பார்த்தார், எந்திரம் வாங்குகிற யோசனையையும் கேட்டுக்கொண்டார், பிறகு ஒரு நிபந்தனை போட்டார்.

"ருசியில குறை இல்ல தாயி. ஆனா அங்கன இருக்க கடைக்காரன் ஒரு கட்டைக் காட்டி, இது எந்த மாவு, அதே மாவுல செஞ்ச மத்த கட்டெல்லாம் எங்கன போச்சுன்னு கேப்பான். ஒண்ணுல கோளாறுன்னா அதோட கூட்டாளிகளை மட்டும் திருப்பி எடுக்கணும்லா? அடுத்த மாசம் வாரேன். நான் எடுக்க கட்டுக்கு, காப்பி குடிச்சு முடிக்கதுக்குள்ள பதில் சொல்லிட்டீங்கன்னா வருசம் பூரா ஆர்டர்."

அதற்குத்தான் கம்ப்யூட்டர். முதல் வேலை, கூடத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் ஒரு பொருளாகப் பதிவது. உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், பெருங்காயம், எண்ணெய், கட்டு போடும் உறை என்று ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்து அடித்தேன். பிள்ளைக்குப் பேர் வைப்பது போல இருந்தது. வேகத்தில் துடைப்பத்தையும் சேர்த்துவிட்டேன். "வெளக்கமாத்தையும் கப்பல்ல ஏத்தப் போறியோ?" என்றாள் மதினி. அதை எடுத்துவிட்டேன்.

அடுத்தது பேட்ச். வருகிற ஒவ்வொரு மாவு மூட்டைக்கும் ஓர் எண். அந்த மாவில் பிசைந்த உருண்டைக்கும், அதில் தேய்த்த அப்பளக் கட்டுக்கும் அதே எண் தொடர்ந்து போகும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஊரைவிட்டுப் போன கட்டைக்கூடக் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டி வரலாமே!

சில வாரம் கழித்து ஒரு காலையில் ஒத்திகை பார்த்தேன். கைக்கு வந்த ஒரு கட்டை எடுத்து, அதன் எண்ணை அடித்து, இதன் கூட்டாளிகள் யார் என்று கேட்டேன். திரையில் வரிசை ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. கூடத்தில் இருந்த கட்டு, கடைகளுக்குப் போன கட்டு, அத்தனையும் வந்து நின்றன. சாஃப்ட்வேர்தான் கெட்டுவிட்டது என்று அதை வாயாரத் திட்டினேன்.

அது கெடவில்லை. நான் அடித்ததைத்தான் அது சொன்னது. மதினி மாவு டிரம்மை ஒருநாளும் காலியாக விடமாட்டாள். அடியில் ஒரு பிடி பழைய மாவு கிடக்க, அதன் மேல்தான் புது மூட்டையைக் கொட்டுவாள். எங்கள் பக்கம் வீட்டு அரிசிப் பானையும் அப்படித்தான். அரிசி தீர்ந்தது என்று வாயால் சொல்லமாட்டோம், நிறைஞ்சிருக்கு என்போம். நானும் ஒவ்வொரு தடவையும் புது மூட்டையோடு அந்தப் பிடியும் கலந்ததை உண்மையாகப் பதிந்திருந்தேன். ஆக, கணக்குப்படி எங்கள் முதல் மூட்டை இன்னும் தீரவேயில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகு அண்ணாச்சி ஞாபகம் வந்தது. அவர் எந்தக் கட்டை எடுத்தாலும் பதில் ஒன்றுதான்: எல்லாம்.

பழைய மாவு பூஜ்யம் என்று அடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் நிஜமாகவே ஒரு கெட்ட மூட்டை வந்தால் அந்தப் பிடி எல்லாவற்றிலும் இருக்குமே. பொய்யை வைத்துக்கொண்டு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"டிரம்மைத் துடைச்சுட்டுத்தான் புது மாவு கொட்டணும் மதினி" என்றேன்.

"நான் இருக்க வரைக்கும் நடக்காது. துடைச்சு வச்ச இடத்துல என்னட்டி நிக்கும்?" அன்றைக்கு மாவு வாங்கிய இடி எனக்கு விழவேண்டியது.

கோபத்தில் நானே துணியை எடுத்துக்கொண்டு போனேன். டிரம்முக்குள் கையை விட்டேன். அந்தப் பிடி மாவு விரலில் பட்டதும் துடைக்க மனசு வரவில்லை. எனக்கும் பயம்தான், சொன்னால் என்ன? கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தபோது, பெருங்காயம் போட்டு வைத்து இப்போது சும்மா இருந்த எவர்சில்வர் சம்புடம் அலமாரியில் தெரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மதினி, டிரம் காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? பழசும் புதுசும் கலக்கணும்னு ஒண்ணும் இல்லையே? அந்தப் பிடியை இதுல போட்டு மூடுவோம். டிரம்மைக் கழுவிக் காயவைக்கையில இது உள்ளயே இருக்கட்டும். புது மாவு கொட்டயில எடுத்து மேல வச்சிருவோம்."

அவள் யோசித்தாள். "எடுக்கதுக்கும் கொட்டுததுக்கும் நடுவுல காலியா கிடக்குமே?"

"ஒரு கையால எடு, ஒரு கையால கொட்டு!"

மதினி சிரித்துவிட்டாள். "வெள்ளிக்கிழமை இதுக்குக் குங்குமம் வப்பேன். உன் கம்ப்யூட்டர் சண்டைக்கு வராதுல்லா?" வராது என்று சத்தியம் செய்தேன். அதுவரைக்கும் இருந்த சரக்கு மொத்தத்தையும் ஒரே பேட்ச் ஆக்கி, உள்ளூர்க் கடைகளுக்கு ஒதுக்கினேன். சம்புடத்தையும் ஒரு பொருளாகப் பதிந்தேன். பெயர், ஒரு பிடி. இருப்பு, ஒன்று.

அண்ணாச்சி வந்தார். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டை உருவினார். எண்ணை அடித்தேன். திரையில் ஒரே ஒரு மூட்டை வந்தது. அதன் கட்டுகளில் பாதி எங்கள் அலமாரியில், மீதி அம்பாசமுத்திரத்தில் ஒரு கடையில். அலமாரியில் இருந்ததை அவரே எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. டம்ளரில் காப்பி இன்னும் பாதி இருந்தது. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அவர் பொருள் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இதென்ன, ஒரு பிடி? வந்ததுலேருந்து வெளிய போகவே இல்லையே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி சொன்னாள். "அது போகாது அண்ணாச்சி. நிறைஞ்சிருக்கு."

அண்ணாச்சி அவளையே பார்த்தார். "எங்க வீட்டுலயும் அப்பிடித்தான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எந்திரத்தை வாங்கிப் போடுங்க தாயி" என்றார்.

ஐப்பசி வந்தது. ஆற்றில் வெள்ளம், வெளியே பேய்மழை, உள்ளே எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பெண்கள் கையைக் கழுவிவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். குடையைக் கையில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கிய?" என்றேன். "நாளைக்கும் வாங்க."